நடுப்பலகை

செருப்ப அங்கனயே விட்டுருங்க தங்கச்சி. கால மட்டும் அந்தக் குழாயில ஒரு தடவ நனைச்சுக்கிடுங்க. தப்பா நெனைக்காதீங்க, யாரு வந்தாலும் இதத்தான் சொல்லுவேன், கலெக்டரு வந்தாலும் சொல்லுவேன். ஆங், அப்படித்தான். இப்ப உள்ள வாங்க.

அலமாரி பாக்கணும்னீங்களாமே. உங்க வீட்டு ஓனரு செண்பகம் சொன்னா. "பகவதியக்கா, எங்க மாடிக்குக் குடிவந்துருக்க பிள்ளைக்கு வாஷிங் மெஷின் வைக்க எடம் இருக்கு, துணிமணி அடுக்க எடமில்ல. ஒங்க ரூமக் காட்டுங்க, அதப் பாத்துச் செஞ்சுக்கிடட்டும்"னா. யாரு எவருன்னு கேட்டேன். "நம்ம ஆளுங்கதான்க்கா, சைவம்தான்"னா. அப்ப வரச் சொல்லுன்னுட்டேன். கேக்கது தப்பில்லல்லா? வீட்டுல இருக்கவங்க துணி பூரா கெடக்க ரூமு. கண்டவங்கள உள்ள விட முடியுமா?

எனக்குச் சாதி பேதமெல்லாம் கெடையாது, அத மொதல்லயே சொல்லிருதேன். ஆபீசுல காலம்பூரா எல்லாரோடயும் ஒக்காந்துதான் சாப்பிட்டேன். என் டப்பாவ நான் சாப்பிட்டேன், அவங்க டப்பாவ அவங்க சாப்பிட்டாங்க. ஒரு சண்ட சச்சரவு உண்டா? சுத்தம் வேணும். எனக்கு அவ்வளவுதான்.

இருங்க, லைட்டப் போடுதேன். இது முந்தி அரங்கு. எங்க அம்மா இருந்த காலத்துல அரிசிப் பானையும் ஊறுகா ஜாடியும் இருந்த எடம். சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுற அங்கணம், அதனால தண்ணி வெளிய போறதுக்குத் தோது. மெஷின இங்கன கொண்டாந்து வச்சேன். மேல பாருங்க, அந்தப் பலகை பூராவும் நான் போட்டது. ஆசாரி கை படல. சுவத்துல ஓட்ட போட்டது இந்தக் கை, ஸ்குரூ முடுக்குனது இந்தக் கை. தட்டிப் பாருங்க. சும்மா தட்டுங்க தங்கச்சி, ஆளே ஏறி ஒக்காரலாம். நான் ஆபீசுல பாத்தது படம் வரையுத வேலை. பொம்பளையா இருந்தாலும் ட்ராஃப்ட்ஸ்மேன்னுதான் போர்டுல எழுதியிருந்தாங்க. கோடு போட்டா கோடு. எத்தனை கான்ட்ராக்டரு என் படத்தப் பாத்து வாயப் பொத்திக்கிட்டுப் போயிருக்கான்.

அந்த நடுப்பலகையத்தான பாக்கீங்க? வாரவங்க எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. தரையிலருந்து மேல கூரைத் தட்டோடு வரைக்கும் ஒரே பலகை, ஒரு நூல் இடைவெளி கெடையாது. அதச் சொல்லதுக்கு முன்னால எங்க வீட்டுக் கதையக் கொஞ்சம் சொல்லணும். நிக்கீங்களே, அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காருங்க.

எங்க அப்பா போகும்போது என் தம்பிக்கு மீசை மொளைக்கல. நெல்லைநாயகம்னு பேரு, நாயகம்னு கூப்பிடுவோம். அம்மா அதுக்கு முன்னாலயே படுத்த படுக்கை. எனக்கு வந்த மாப்பிள்ளைய எல்லாம் நான்தான் வேண்டாம்னேன். யாருக்காக? அவனுக்காக. அவன் பள்ளிக்கூடச் சட்டையத் தொவைச்சது நான், நீலம் போட்டது நான், இஸ்திரி போட்டது நான். காலேசு படிக்க வச்சது நான். பெரிய ஆஸ்பத்திரியில கணக்குப் பாக்க வேலைக்குச் சேந்தான். கணக்குப் பாக்கப் போனவன் நர்சப் பாத்துட்டான்.

பேரு இசக்கியம்மாள். நம்ம ஆளு கெடையாது. எந்த ஆளுன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல தங்கச்சி. "ஒனக்குப் புடிச்சிருந்தா எனக்கென்ன"ன்னேன். தூக்கு மாட்டிக்கிடுவேன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னேன், அதுவும் கோவத்துல. ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம். நானே போயி மாலை எடுத்துக் குடுத்தேன். சொந்தக்காரங்ககிட்ட பொண்ணு மதுரப் பக்கம்னு சொல்லி வச்சேன். மதுரைன்னா யாரும் தோண்டிக் கேக்க மாட்டாங்கள்லா. பேரையும் மாத்திட்டேன். எங்க வம்சத்துல இசக்கின்னு யாருக்கும் பேரு கெடையாது, எனக்கு வாயில வர மாட்டேங்கு. உமான்னு வச்சேன். நல்ல பேருதான? மொதல்ல "உமா, உமா"ன்னு கத்துவேன், அவ பாட்டுக்குப் பாத்திரம் தேச்சுக்கிட்டு இருப்பா. தன்னக் கூப்பிடுதாங்கன்னே தெரியாது. பொறவு பழகிட்டா.

மீன் திங்குற வீட்டுப் பொண்ணு. வந்த அன்னைக்கே விட்டுட்டா. "மதினி, இனிமே நான் தொட மாட்டேன்"னு சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்னா. தொடவும் இல்ல, அதையும் சொல்லணும்லா. நானும் மோந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். ஆனா அது இன்னைக்குச் சாப்பிட்டது நேத்துச் சாப்பிட்டதுல இல்ல. பொறந்ததுலருந்து ஊறியிருக்கும். நாயக் குளிப்பாட்டி நடுவீட்டுல வச்சாலும்னு ஒரு சொலவடை உண்டு. அவளச் சொல்லல, பொதுவாச் சொல்லுதேன்.

ஒரு நாள் மெஷினத் தொறக்கேன், வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டுத என் புடவை மேல அவ சுடிதாரு சுத்திக்கிட்டுக் கெடக்கு. ஒதவி பண்ணுதாளாம். என் துணியையும் சேத்துப் போட்டிருக்கா. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிட்டு. அந்தப் புடவைய அலசி, மஞ்சத் தண்ணியில முக்கி, திரும்ப அலசி, வெயில்ல போட்டு, அப்பவும் மனசு ஒப்பல. அவகிட்ட ஒண்ணும் சொல்லல. மூஞ்சிக்கு நேரா சொல்லி மனசப் புண்படுத்துற பழக்கம் நம்மகிட்ட கெடையாது.

அந்தச் சமயத்துலதான் யூடியூப்புல ஒரு வெள்ளைக்காரியப் பாத்தேன். துணி தொவைக்கதுக்குன்னே தனியா ஒரு ரூமு. மெஷினுக்கு மேல பலகை, பலகைக்கு மேல பலகை, ஆளாளுக்கு ஒரு கட்டு. அவ புருசனுக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஒண்ணு, அழுக்குக்கு ஒண்ணு, தொவைச்சதுக்கு ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது, ஒரசாது. அவளே ரம்பம் புடிச்சு அறுக்கா, அவளே முடுக்குதா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு. ஒரு வெள்ளைக்காரிக்கு இருக்க ஆசாரம் நம்ம வீட்டுல இல்லையேன்னு.

மொதல்ல ஆசாரியத்தான் கூப்பிட்டேன். படம் வரைஞ்சு வச்சிருந்தேன், அளவோட. பாத்தாரு. "எல்லாம் சரிம்மா, நடுவுல இது எதுக்கு? எடத்தல்லா அடைக்குது. கை போக வர இருக்கட்டுமே"ன்னாரு. பலத்துக்குன்னேன். "பலத்துக்கு இது தேவையில்ல, ரெண்டு எல் ஆங்கிள் போதும்"னாரு. விடாம நோண்டுதாரு. அவருகிட்ட என்னன்னு வெளக்கம் சொல்ல? இன்னைக்குச் சொன்னா நாளைக்கு நாலு வீட்டுல போயிச் சொல்லுவாரு. நீங்க போயிட்டு வாங்க, நானே பாத்துக்கிடுதேன்னு அனுப்பிட்டேன்.

நீங்க செய்யும்போது பலகைய மட்டும் நல்லதா வாங்குங்க. தண்ணி பொழங்குற எடம், மரைன் பிளைதான் தாங்கும். சாதா பிளை போட்டா ஒரு மழைக்காலத்துல உப்பி, அப்பளம் கணக்கா உரிஞ்சிரும். அளவச் சொன்னா கடையிலயே அறுத்துக் குடுப்பான். சுவத்துல ஓட்ட போட்டதும் தூசிய ஊதிட்டுத்தான் பிளாஸ்டிக் கட்டைய அடிக்கணும். தூசியோட அடிச்சா ஸ்குரூ சுத்திக்கிட்டே நிக்கும். ரசமட்டம் வச்சுப் பாக்காம ஒரு பலகையும் முடுக்கக்கூடாது. பழைய வீட்டுச் சுவரு நேரா இருக்காது, கண்ணு ஏமாத்தும். அப்புறம் ஒரு ஆளு வேணும், மறுமுனையப் புடிக்கதுக்கு.

எனக்கு உமாதான் புடிச்சா. நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து, தூங்காம புடிச்சா. என்னா சந்தோசம்ங்கீங்க அவளுக்கு! உப்புத்தாள் போட்டு அவதான் தேச்சா, தலையெல்லாம் மரத்தூளு. "எங்க வீட்டுல நாலு பொம்பளப் பிள்ளைங்களுக்கும் சேத்து ஒரு டிரங்குப் பெட்டிதான் மதினி. எனக்குன்னு ஒரு தட்டு இருந்தது கெடையாது"ன்னு சொல்லிச் சொல்லித் தேக்கா. மொதப் பலகை ஏறுனதும் ஓடிப்போயி சந்தனமும் குங்குமமும் எடுத்தாந்து வச்சா. நல்லா அழுத்திப் புடிட்டின்னா, மூச்சடக்கிப் புடிப்பா. நடுப்பலகைய நிறுத்தும்போதும் அவதான் தாங்கிக்கிட்டு நின்னா. தோளுல வச்சு. கனமான பலகை. "இது எதுக்கு மதினி, சாமி ரூமு மாதிரி தனியா?"ன்னா. முடியட்டும் சொல்லுதேன்னேன்.

முடிஞ்சுது. காட்டுனேன். இங்கன, சன்னல் இருக்க பக்கம், வெளிச்சம் வாரதுல்லா, அது எங்க பக்கம். எனக்கும் தம்பிக்கும். அந்தப் பக்கம், கதவு தொறந்தா மறைஞ்சிருமே, கீழ தண்ணிக் குழாய் போகுதே, அது ஒனக்குன்னேன். ஒரு தட்டு தாரதாக்கும் நெனைச்சிருந்தா, நான் நாலு தட்டு குடுத்தேன். கதவு போட்டு. யாரு குடுப்பா? "அப்ப அவுக துணி?"ன்னா. "அவன் துணி எங்க பக்கம்தான். நான்தான தொவைக்கேன், சின்னதுலருந்து"ன்னேன். நடுப்பலகையத் தடவிப் பாத்தா, அவ தேச்ச பலகைதான. "ஏன் மதினி?"ன்னு கேட்டா. "ஆஸ்பத்திரியில கண்ட கிருமியும் இருக்கும், அதுக்குத்தான். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதே"ன்னேன். "சரி மதினி"ன்னா. பாத்துக்கிடுங்க, சரின்னு அவ வாயாலதான் சொன்னா. எங்க பக்கத்தத் தொடணும்னா குளிச்சிட்டுத் தொடு, இல்ல என்கிட்டக் கேளு, எடுத்துத் தாரேன், அவ்வளவுதான் சட்டம்னேன். அதுக்கும் சரின்னா.

பொறவு மாசமா ஆயி வேலைய விட்டா. வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கா. "இப்பதான் நான் ஆஸ்பத்திரிக்கே போகலையே மதினி. இப்ப சேத்து வச்சுக்கிடலாமா?"ங்கா. எவ்வளவு சாமர்த்தியம் பாத்தீங்களா! கிருமி மட்டும் இல்லட்டி, கவிச்சி வாடைன்னு ஒண்ணு இருக்குன்னேன். கைய மடக்கி, முழங்கை வரைக்கும் தன்னத் தானே மோந்து பாத்தா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவளுக்கு எப்படித் தெரியும், அவ மூக்கு அவ மூக்குதான?

ஆதிரை பொறந்தா. நான்தான் பேரு வச்சேன். தங்கச்சி, எனக்கு அந்தப் பிள்ளைன்னா உசுரு. அத எப்படிச் சொல்லுவேன். என் கையில கொண்டாந்து குடுத்தாங்க, என் மூக்கு, எங்க அப்பா நெத்தி. இவ்வளவு நாளும் நான் எதுக்கு உசுரோட இருந்தேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்தா, எங்க பக்கத்துல நடுவுல சின்னதா ஒரு கட்டு இருக்கு பாருங்க, ஓரமெல்லாம் ஒருண்டு. பிள்ள கையில சிராம்பு ஏறக்கூடாதுன்னு நானே தேச்சு ஒருட்டுனது. கைய வச்சுப் பாருங்க, வழுக்கும். சட்டை, சொக்கா, தொப்பி, கால் ஒற, எல்லாம் கஞ்சி போடாம மடிச்சு அடுக்கி வச்சிருந்தேன். ஒரு சின்னப் பூட்டு. எலி இருக்குல்லா.

பிள்ள எங்க பக்கம்தான வரும்? அப்பன் வழிதான குலம். அதுல அவளுக்கு என்ன வருத்தம்ங்கேன். கேட்டா எடுத்துக் குடுக்கப் போறேன். பிள்ளையக் குளிப்பாட்டி, துண்டுல சுத்திக்கிட்டு இந்த வாசப்படியில வந்து நிப்பா. "மதினி, ஒரு சட்டை." நான் பூசையில இருந்தா பூசை முடிஞ்சுதான வர முடியும், தேவாரத்தப் பாதியில நிறுத்துவாங்களா? நிப்பா. பிள்ள தும்மும். ஒரு நாள், "ஒரு கத்தை மொத்தமாத் தாங்களேன் மதினி, என் தட்டுல வச்சுக்கிடுதேன்"ன்னா. அப்படிக் குடுத்தா அந்தப் பக்கம் போயிருமே. பொறவு திரும்ப எங்க பக்கம் எப்படி வரும்? முடியாதுன்னுட்டேன். சாவி என் இடுப்புல.

நாயகம் என்ன செஞ்சான்னு கேக்கீங்களா? அவன் என் தம்பி. நான் இருக்க எடத்துல வாயத் தொறக்க மாட்டான்.

பிள்ளைக்கு ஒண்ணர வயசு இருக்கும். ஆனித் தேரோட்டம். நான் ஒரு வருசம் தப்புனது கெடையாது, வடம் தொட்டுக் கும்பிட்டாத்தான் அந்த வருசம் எனக்கு வருசம். பிள்ளைக்குக் காலையிலேயே மேலு லேசாச் சுட்டுது. பல்லு மொளைக்குன்னு நெனைச்சிட்டுப் போயிட்டேன். தேரு அன்னைக்கு நகரவே மாட்டேங்கு, கூட்டம்னா கூட்டம். திரும்பி வாரேன், வாசல்லயே பிள்ள அழுகை கேக்கு. உள்ள வந்து பாத்தா, பட்டாசல் கூடத்துல இவ ஒக்காந்திருக்கா, மடியில பிள்ள. பிள்ள மேல அவ புடவை. அந்தப் பக்கத்துப் புடவை! ஒரு பழைய மஞ்சள் நூல் புடவை, அத நாலா மடிச்சு என் பிள்ளையச் சுத்தி வச்சிருக்கா.

"வாந்தி எடுத்து, நீங்க எடுத்து வச்சிட்டுப் போன சட்டையெல்லாம் நாசமாப் போச்சு மதினி, சாவி ஒங்ககிட்ட இருக்கு, நான் என்ன செய்ய?"ங்கா. என்ன செய்யவா? காத்துக்கிட்டு இருக்கணும். நான் வராமலா போயிருவேன்? பிள்ளைய வெடுக்குனு வாங்குனேன். நேராக் குழாயடிக்குக் கொண்டு போனேன். பின்னாலயே ஓடியாரா. "மதினி, காய்ச்சல் கொதிக்கு, நடுங்குதா பாருங்க, பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, நான் நர்சு சொல்லுதேன், கேளுங்க"ங்கா. நாலு ஊசி போட்டா டாக்டராயிருவாளா? கையப் புடிச்சா. விடுட்டின்னேன். தொட்டுட்டாளே, அப்புறம் நானும்லா குளிக்கணும். நாயகம் படியில நின்னு "அக்கா, வேண்டாம்க்கா"ன்னான். ரெண்டே வார்த்தை, அதுவும் மெதுவா. சோப்புப் போட்டு நல்லாக் குளிப்பாட்டுனேன். அந்த வாடை போணும்லா. பூட்டத் தொறந்து, நல்ல சட்டையாப் பாத்து எடுத்து, போடப் போறேன், பிள்ள கண்ணு மேல சொருகிட்டு. கையும் காலும் வெட்டுது. வாயோரம் நொரை. ஜன்னி.

நான் அலறுனேன், எனக்கு ஒண்ணும் ஓடல. அவதான் பிள்ளையப் பறிச்சு ஒருக்களிச்சுப் போட்டா, சட்டை இல்லாம, அதே மஞ்சப் புடவையில சுத்திக்கிட்டு ஆட்டோவுக்கு ஓடுனா. பொழைச்சுது. எங்க அப்பன் நெல்லையப்பன் காப்பாத்துனான். குளிப்பாட்டுனதுலயா ஜன்னி வரும்? சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல்லயே வரும்னு டாக்டரே சொன்னாரு. நான் கேட்டு வச்சுக்கிட்டேன். நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிறக்கூடாதுல்லா.

ஆஸ்பத்திரியிலருந்து வந்தா. கத்துவா, மண்ண வாரித் தூத்துவான்னு இருந்தேன். பிள்ளைய நாயகம் கையில குடுத்துட்டு நேரா இந்த ரூமுக்குள்ள வந்தா. சாவி தாங்கன்னு கேக்கல. ஸ்குரூ டிரைவர எடுத்து, பூட்டு தொங்குன கொண்டியவே கழட்டிப் போட்டா. பலகை புடிச்சவள்லா, எது எங்கன முடுக்கியிருக்குன்னு தெரியும். பிள்ள துணி பூராவும் அள்ளி, அந்தப் பக்கம் அவ தட்டுல அடுக்கிட்டா. நான் இங்கனதான் நிக்கேன், "என்னட்டி பண்ணுத, உமா"ன்னேன். "என் பேரு இசக்கி"ன்னா. "நீங்க சொன்னது சரிதான் மதினி. ரெண்டு பக்கமும் கலக்கக்கூடாது. ஒங்க பக்கம் சுத்தமா இருக்கட்டும். பிள்ள என் பக்கம்"னா. கோவமாச் சொன்னாக்கூட பதிலுக்குக் கோவப்பட்டிருப்பேன். இன்னைக்குக் கத்திரிக்கா வாங்கலன்னு சொல்லுத மாதிரி சொல்லுதா.

அதுலருந்து ஆரம்பிச்சா. நான் பிள்ளையத் தூக்குனா வந்து வாங்கிக்கிடுவா. வாங்கிட்டுப் போயி, வெந்நீர் வச்சு, சட்டையக் கழட்டி, குளிப்பாட்டி, வேற சட்டை போடுவா. ஒவ்வொரு தடவையும். நான் ஒரு முத்தம் குடுத்தா ஒரு குளி. "என்னட்டி இது அநியாயம்"னா, "ஒங்க சட்டம்தான மதினி"ங்கா. பிள்ளைக்கு அது பிடிக்கல. வெளையாடிக்கிட்டு இருக்கும், நான் கைய நீட்டுனா மொகம் கோணிரும். தூக்குனா குளிக்கணும்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு. கார்த்திகை மாசக் குளுரு வந்துது. நான் தொட்டா அந்தக் குளுருல பிள்ளையத் தண்ணியில முக்கிருவாளேன்னு, நானே தூக்குறத விட்டேன். என் கை நீளும், மடக்கிக்கிடுவேன். யாருக்காவது இந்தக் கொடுமை உண்டா சொல்லுங்க.

நாயகம் கண்டிப்பான்னு பாத்தேன். அவன் சட்டை ஒண்ணொண்ணாக் கொறைஞ்சுது. வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டை திரும்ப எங்க பக்கம் வரல. ஒரு நாள் தொறந்து பாத்தா அவன் தட்டுல ஒரு கிழிஞ்ச பனியன் கெடக்கு. பாருங்களேன், எவ்வளவு எடம் காலியா இருக்கு. என் புடவை அந்த ஒரு தட்டுலயே அடங்கிரும். தாராளமாச் செஞ்சு வச்சிருக்கேன்.

போயிருக்கலாம்லா அவ, புருசனக் கூட்டிக்கிட்டுத் தனியா? அதுவும் மாட்டேங்கா. எங்க வீட்டுலயே இருந்து, எனக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டு, தலைவலின்னா மாத்திரை தந்து, "மதினி, மதினி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே செய்யுதா. வெளிய யாரு கேட்டாலும் தங்கமான பொண்ணும்பாங்க. கல்நெஞ்சு தங்கச்சி, கல்நெஞ்சு. நான் எறங்கியும் பாத்துட்டேன். போன பொங்கலுக்கு, வெக்கத்த விட்டு நானே போயி நின்னேன். "இசக்கி"ன்னு கூப்பிட்டேன், என் வாயால. "இனிமே குளிக்க வேண்டாம், பிள்ளைய நான் தொட்டா தொட்டதா இருக்கட்டும். நடுப்பலகையையும் எடுத்துருதேன்"னேன். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. "எதுக்கு மதினி? எவ்வளவு பாடுபட்டு நிறுத்துனோம், நல்லாத்தான இருக்கு. வயசான காலத்துல ஒங்க ஆசாரம் என்னால கெட வேண்டாம்"னு சொல்லிட்டு மடிச்ச துணிய அடுக்கப் போயிட்டா.

வேன் சத்தம் கேக்கா? ஆதிரைதான், பள்ளிக்கூடம் விட்டு வாரா. எல்.கே.ஜி. போறா இப்ப. இருங்க, போயிராதீங்க, என் மருமகளப் பாத்துட்டுப் போங்க. முந்திரிக்கொத்து சுட்டு வச்சிருக்கேன், அதுக்கு ரொம்பப் பிடிக்கும். என் கையால சுட்டது. அவ அம்மை சுட்டா இந்தப் பதம் வராது.

ஆதிரைக் கண்ணு! இங்க வாட்டி, யாரு வந்துருக்காங்க பாரு. புதுச் சித்தி. மாடி வீட்டுக்கு வந்துருக்காங்க. வா, உள்ள வா. ஏன் அங்கனயே நிக்க? இந்தா, முந்திரிக்கொத்து. கைய நீட்டு. கைய ஏன் பின்னால கட்டிக்கிடுத? அத்தை தொட மாட்டேன்ட்டி, கையில போடத்தான் போறேன். வாங்கிக்கோ.

என்ன சொல்லுதா? கேட்டுதா ஒங்களுக்கு? "கீழ வைங்க அத்தை, நான் எடுத்துக்கிடுதேன்"ங்கா.

சரி. சரிட்டி, வச்சிட்டேன். இந்தா, தரையிலதான் வச்சிருக்கேன். நான் தள்ளி நிக்கேன், நீ எடுத்துக்கோ. எடுத்துக்கோ கண்ணு.

ஓடுதா பாருங்க. அடுக்களைக்குள்ள போயிக் கத்துதா பாருங்க. "அம்மா, அம்மா, நான் அத்தையத் தொடவே இல்லம்மா!" அவளும் சிரிக்கா. சமத்துங்கா.

பாத்தீங்கள்லா? உங்க கண்ணால பாத்தீங்கள்லா? முழுசா நாலு வயசு ஆகல, அந்தப் பிஞ்சு மனசுல போயி இதச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கா. ஒரு மனுசியத் தொட்டா தோசம்னு. எங்கருந்துதான் வருமோ இவளுகளுக்கு இந்தப் புத்தி. எங்க வீட்டுல இப்படி ஒரு பழக்கமே கெடையாது தங்கச்சி.